நாள் தள்ளும் மாத்திரை

சொர்ணாம்பாளுக்குப் பொய் சொல்ல வராது. இதை ஒரு நல்ல குணமாக யாரும் பாராட்டியதில்லை, விவரம் போதாது என்றுதான் பேசிக்கொண்டார்கள். சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது காம்பு வாடியிருப்பதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வருவாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி வந்து எப்படியிருக்கிறது என்று கேட்டால், வாடல்தான் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட மனுஷி. இந்தப் பீங்கான் பேட்டையில் அப்படி இருந்து பிழைக்க முடியுமா என்று கேட்டால், பிழைத்தாள், ஆனால் அதற்குக் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல.

நல்லூர்ப் பக்கத்துக்காரி. கட்டிக்கொடுத்த இடமும் அங்கேயே. வானத்தைப் பார்த்துக் கிடந்த மேட்டுநிலம் தொடர்ந்து கையை விரிக்கவும் புருஷன் கோதண்டபாணி விருத்தாசலம் ஜங்ஷனில் கூட்ஸ் வண்டிக்கு மூட்டை தூக்க வந்தான். பின்னாலேயே இவளும் வந்தாள். பீங்கான் தொழிற்பேட்டை அப்போதுதான் நெருக்கமாகிக்கொண்டிருந்தது. ஒரு கொட்டகையில் ஊறுகாய் ஜாடி, இன்னொன்றில் பொம்மை, அடுத்ததில் கரண்ட் பெட்டிக்கான ஃபியூஸ் கட்டை. ஃபியூஸ் கட்டை செய்யும் நடராசனின் கம்பெனியில் சொர்ணாம்பாளுக்கு வேலை கிடைத்தது. கம்பெனி என்பது பெயருக்குத்தான். தகரக் கூரை, நான்கு மேசை, பின்னால் ஒரு சூளை.

அச்சிலிருந்து வந்த பச்சைக் கட்டைகளின் பிசிறைச் சீவுவது, ஈரத் துணியால் துடைப்பது, ஒரு முறை சுட்டெடுத்ததைப் பளபளப்புக்காகக் கிளேஸ் தண்ணீரில் முக்குவது என்று பெண்களுக்கு வேலை ஓடும். எல்லாம் சேர்ந்த பிறகு சூளை அடுக்க வேண்டும். கட்டைகளை மண்பெட்டிகளில் வைத்து, பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சூளைக்குள் கூரை முட்ட ஏற்றுவார்கள். கூலி கூடுதல் என்பதால் சூளை அடுக்கும் செட்டில் இருப்பது ஒரு கௌரவம். அந்த செட்டில் இருப்பவர்களுக்குத்தான் மழைக்காலத்திலும் வேலை உண்டு. மற்றவர்கள் மண் சுமக்கக் கூப்பிட்டால் வரவேண்டியதுதான்.

ஆனால் சூளைக்கு ஒரு சட்டம் இருந்தது. மாதவிலக்காகித் தூரமான பெண் அந்தப் பக்கமே போகக்கூடாது. நடராசன் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நறுக்கி, வாயிலில் குங்குமம் வைத்த பிறகுதான் முதல் பெட்டி உள்ளே போகும். தீட்டுப் பட்டால் கிளேஸ் கொப்புளிக்கும், கட்டை வெடிக்கும் என்பார். எல்லாக் கொட்டகையிலும் இப்படியா என்றால் தெரியாது. இவர் கொட்டகையில் இப்படி.

சொர்ணாம்பாள் சேர்ந்த வருஷமே ஒரு சூளை கெட்டது. மழையில் நனைந்த நிலக்கரியைப் போட்டார்கள், அனல் ஏறவில்லை, பாதிச் சரக்கு மங்கலாக வந்தது. கரி நனைந்தது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் நடராசன் பெண்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார். கனகா என்று ஒரு பெண், நெஞ்சில் ஒன்றும் ஒளிக்கத் தெரியாதவள், சூளை அடுக்கிய அன்றைக்குச் சாயங்காலம் தூரமானதாக ஒத்துக்கொண்டாள்.

"சாயந்திரம்தாங்க மொதலாளி. அடுக்கி முடிச்ச பொறவுதான்."

"பொறவா முன்னயான்னு சூளைக்குத் தெரியுமா?" என்றார் நடராசன். கனகா மறுநாளிலிருந்து வரவில்லை.

அந்த வரிசையில் சொர்ணாம்பாளும் நின்றாள். அன்றைக்குத் தூரமாகியிருந்தால் இவளும் ஒத்துக்கொண்டிருப்பாள், அது அவளுக்கே தெரியும். அதோடு அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை. பிள்ளை இல்லாதவள் கை பட்ட சரக்கு விளங்குமா என்று யாராவது ஒரு நாள் வாயைத் திறந்தால் போதும். மற்றவள் ஒரு மடங்கு சுத்தமாக இருந்தால் இவள் இரண்டு மடங்கு இருக்கவேண்டும் என்று தனக்குத் தானே விதித்துக்கொண்டாள்.

வழி ஒன்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றில் முழுகிக் கோயிலுக்குப் போகிற சமயத்தில் தூரம் வந்துவிடக்கூடாது என்று ஊரில் பல பெண்கள் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவார்கள். நாள் தள்ளுற மாத்திரை. கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருந்த சாமிக்கண்ணுவிடம் கேட்டால் ஒன்றும் விசாரிக்காமல் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். சாப்பிடுகிறவரைக்கும் வராது. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். சாமிக்கு ஆகிறது சூளைக்கு ஆகாதா என்று சொர்ணாம்பாள் நினைத்தாள்.

"இத அடிக்கடி சாப்புடலாங்களா?" என்று ஒரு முறை சாமிக்கண்ணுவைக் கேட்டாள்.

"கவர்ன்மெண்டே குடுக்குற மாதிரி மருந்துதாம்மா. ஒண்ணும் பண்ணாது," என்றார் அவர். அவரும் தெரிந்து சொல்லவில்லை, வியாபாரத்துக்காகவும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னார்.

கோயில் திருவிழா என்றால் தேதி உண்டு. சூளைக்குத் தேதி கிடையாது. கரி வேகன் ஜங்ஷனுக்கு என்று வருகிறதோ அதற்கு மறுநாள் அடுக்க வேண்டும். சில மாதம் ஒரு தரம், சில மாதம் இரண்டு தரம். இன்று வரும் நாளை வரும் என்று அவள் மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருப்பாள். வேகன் வராது. நிறுத்த பயம். சூளை அடுக்கி முடித்து, கல் வைத்துப் பூசி வாயிலை அடைத்து, நெருப்பு போட்ட பிறகுதான் நிறுத்துவாள். உதிரம் கொஞ்சமாகக் கசிந்து ஓய்வதற்குள் அடுத்த வேகனைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். மறுபடியும் காகித மடிப்பு.

பிள்ளைக்காக அவள் போகாத கோயில் இல்லை. கொளஞ்சியப்பர் கோயிலில் சீட்டு எழுதி மனுக் கட்டினாள். வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். வேப்பிலைக் கொழுந்தை அரைத்து வெறும் வயிற்றில் குடித்து வாந்தி எடுத்தாள். வெறும் வயிற்றில் வேப்பிலை, சாப்பிட்டபின் மாத்திரை. ஒரு கையால் சாமியைக் கேட்டுக்கொண்டே இன்னொரு கையால் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்குத் தெரியாது. நமக்கு இப்போது சொல்ல எளிதாக இருக்கிறது. அன்றைக்கு அவளிடம் யார் சொன்னார்கள்?

இப்படியே வருஷங்கள் போயின. சொர்ணாம்பாளுக்கு எதிலும் ஒட்டுதல் இல்லாமல் போயிற்று. உடம்பு கனத்தது, கால் வீங்கியது, காலையில் எழுந்தாலே அலுப்பு. எழுபத்து நாலில் மாமியார் நல்லூரிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கினார். நல்லூருக்கு அடுத்த மங்களூரில் ஒரு பெண் இருக்கிறது, ஏழைக் குடும்பம், இரண்டாம் தாரமாகக் கொடுக்கச் சம்மதிக்கிறார்கள் என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனார். சொர்ணாம்பாள் அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். சோற்றை வடித்தாள், குழம்பைக் கூட்டினாள்.

அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்த கோதண்டபாணி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "பெரியாஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்களாம். ஒரு தரம் காட்டிட்டு வந்துரு. தைக்குள்ள அம்மாவுக்கு ஒரு பதில் சொல்லணும்."

என்ன பதில் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை உண்டாகும் என்று ஒரு டாக்டர் வாயால் வரவேண்டும், இல்லாவிட்டால் மங்களூர்ப் பெண் வருவாள். அவ்வளவுதான்.

டாக்டர் வாசுகி புதுச்சேரியில் படித்தவர். சின்ன வயதுதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊர்ப்பட்ட வயிறுகளைப் பார்த்து முகம் சோர்ந்துபோயிருந்தது. பரிசோதித்துவிட்டுக் கை கழுவினார்.

"மாசாமாசம் சரியா வருதாம்மா?"

"நிறுத்துனா வந்துரும்ங்க."

"எதை நிறுத்தினா?"

சொர்ணாம்பாள் சொன்னாள். பொய் சொல்ல வராதவள் ஆயிற்றே, மாசி மகத்தில் தொடங்கி கரி வேகன் வரை முழுவதும் சொன்னாள். டாக்டர் கை துடைப்பதைப் பாதியில் விட்டார். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"எத்தனை வருஷமா?"

"எட்டு வருசம் ஆவப்போவுதுங்க."

டாக்டர் உட்கார்ந்தார். வெளியில் வரிசை நின்றது. ஆயா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். அவரும் இரண்டு தடவை கையால் நிறுத்தினார்.

"கர்ப்பப்பை சும்மா கிடக்கிற பை இல்லம்மா. அதுக்கு மாசாமாசம் ரெண்டு உத்தரவு வரும். ரெண்டும் சினைப்பையிலேருந்து ரத்தத்துல வர்றது, ஹார்மோன்னு பேரு. முதல் ஹார்மோன் வந்து, வளருன்னு சொல்லும். உள்தோல் தடிச்சு வளரும். அப்புறம் முட்டை வெடிச்சு வெளிய வரும். அதுக்குப் பின்னால ரெண்டாவது ஹார்மோன் வந்து, வளந்தது போதும், இப்ப பிள்ளை ஒட்டிக்கிற மாதிரி மெத்துன்னு ஆகுன்னு சொல்லும். பிள்ளை தங்கலைன்னா அந்த ரெண்டாவது நின்னுபோகும். உடனே தோல் உதிர்ந்துடும். அதுதான் நீங்க தூரம்னு சொல்றது."

"யாருகிட்டங்க சொல்லும்?" என்று கேட்டாள் சொர்ணாம்பாள். கேட்ட பிறகு கூச்சமாக இருந்தது.

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "அந்தத் தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைங்க. ஒவ்வொரு அறையோட நடுவுலயும், உடம்பு செய்யக்கூடிய வேலை அத்தனையும் பதிஞ்சு வெச்சிருக்கும். ஆனா எல்லா வேலையும் எப்பவும் நடக்காது. தேவையில்லாதது மூடிக் கிடக்கும். இந்த ஹார்மோன் அறைக்குள்ள நுழைஞ்சு, அங்க தனக்குன்னு காத்திருக்கிற ஒரு புரதத்தோட சேர்ந்துக்கும். ரெண்டும் சேர்ந்து நடுவுக்குப் போய், இந்த வேலையத் திற, அந்த வேலைய மூடுன்னு செய்யும். கோழிக்குஞ்சுக்கு ஊசி போட்டுப் பார்த்து இப்பதான் இதெல்லாம் கண்டுபிடிச்சுட்டு இருக்காங்க. நானே போன வருஷம்தான் படிச்சேன்."

"சரிங்க."

"இன்னொண்ணு கேளுங்க. ரெண்டாவது ஹார்மோன் சேர்ந்துக்கிற புரதம் வேணுமில்ல, அதைப் போதுமான அளவு செய்யச் சொல்றதே முதல் ஹார்மோன்தான். முதல்ல அது வந்து வேலை செய்யலைன்னா ரெண்டாவது வந்தும் பிரயோஜனம் இல்ல."

சொர்ணாம்பாளுக்குக் கிளேஸ் தொட்டி ஞாபகம் வந்தது. "மொதச் சூடு காட்டாம, பச்சைக் கட்டைய கிளேஸுல முக்குன மாதிரிங்களா?"

"கட்டை என்ன ஆகும்?"

"கரைஞ்சு கையோட வந்துருங்க."

"அப்படித்தான் வெச்சுக்கங்க. நீங்க விழுங்கினீங்களே, அது அந்த ரெண்டாவது ஹார்மோன் மாதிரி செஞ்ச மருந்து. அதை மாசம் பூரா குடுத்துட்டே இருந்தா உடம்பு ஏமாந்துபோகும். எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சு முட்டையே வெடிக்காது. முதல் உத்தரவும் அடங்கிடும். தோல் வளராம மெலிஞ்சு கிடக்கும். நிறுத்தினப்ப வந்துதே, அது பிடிச்சு வெச்சிருந்ததை விட்டதால உதிர்ந்தது. முட்டை வந்து போனதுக்கு அடையாளம் இல்ல."

சுவரில் மாட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தில் இரண்டு பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தன. சொர்ணாம்பாள் அதையே பார்த்தாள்.

"அப்ப இதனாலதாங்களா எனக்கு?"

"இதனாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. வேற காரணமும் இருக்கலாம். ஆனா இதை நிறுத்தாம வேற எதையும் பார்க்கவே முடியாது. நிறுத்துங்க. முதல்ல ஒண்ணு உதிரும், அது கணக்கில்ல. அதுக்கப்புறம் தானா வரணும். கொஞ்சம் லேட்டானாலும் பயப்படாதீங்க. தானா வந்தா நல்ல சேதி. வயசு முப்பத்தாறு ஆகிடுச்சு, அதையும் நான் மறைக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து கோதண்டபாணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சத்து மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருந்தானாம் இத்தனை காலமும். தலையைக் குனிந்தபடி தோளில் மூட்டை உரசிக் காய்த்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சொர்ணா."

"உங்ககிட்ட போயி இதப் பேசுறதான்னு இருந்துட்டேன்."

"சூளை வேல போனா போவுதுன்னு சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பானா என்பது வேறு விஷயம். சொன்னான், அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது. அம்மாவுக்கு இன்னும் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லி ஆள் விட்டான்.

மாத்திரையை நிறுத்தினாள். டாக்டர் சொன்னபடி கொஞ்சம் உதிர்ந்து நின்றது. பிறகு ஒன்றுமில்லை. மாதம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. வராமல் இருக்கவேண்டும் என்று எட்டு வருஷம் வேண்டியவள், இப்போது வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு கிடந்தாள். ஒவ்வொரு தடவை சூளை அடுக்கும்போதும் இன்றைக்கு வந்துவிடுமோ என்று ஒரு பயம், இன்றைக்கும் வரவில்லையே என்று ஒரு பயம். எந்தப் பயத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் தவித்தாள்.

பங்குனியில் ஒரு நாள் வேகன் வந்தது. மறுநாள் காலை நடராசன் சூடம் கொளுத்தினார். முதல் பெட்டியை எடுக்கக் குனிந்தபோதே சொர்ணாம்பாளுக்குத் தெரிந்துவிட்டது. கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தாள். வந்திருந்தது. தானாக, யாரும் தள்ளாமல், யாரும் இழுக்காமல் வந்திருந்தது. சந்தோஷப்படுவதா என்று நினைப்பதற்குள் சூளை ஞாபகம் வந்தது.

சூளை செட்டுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் மாரியம்மாள். அந்தக் கொட்டகையில் முதல் செங்கல் வைத்த நாளிலிருந்து வேலை செய்கிறவள். கிளேஸ் தொட்டியோரம் நின்றிருந்தவளிடம் போய் சொர்ணாம்பாள் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நான் தூரமாயிட்டேன். வூட்டுக்குப் போறேன். மொதலாளிகிட்ட நீயே சொல்லிடு."

மாரியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்குச் சொல்லணும்? போயி பெட்டியத் தூக்கு."

"என்னாக்கா சொல்ற, நான் தூரம்."

"காதுல வுழுந்துச்சு. பாத்து துணி வெச்சிக்கினு போயி தூக்கு. ஆளு பத்தல."

சொர்ணாம்பாளுக்கு விளங்கவில்லை. மாரியம்மாள் அலுத்துக்கொண்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கிட்ட வந்தாள். "ஏண்டி, எனக்கு நின்னுபோற வரைக்கும் ஒரு மாசங்கூட இந்தச் சூளைக்கு வெளிய நின்னதில்ல நானு. இவளுவள்ல எவ நின்னா? எவ சொன்னா? கனகா வாய வுட்டா, அதனால போனா. வேற எவளாவது போனாளா?"

"அப்ப எல்லாரும் தூரத்தோடதான் உள்ள போனாங்களா?"

"பின்ன? புள்ளகுட்டிக்காரிங்க, கூலிய வுட்டுட்டு எவ குந்தியிருப்பா வூட்டுல?"

"நான் மாத்திர சாப்புட்டனே அக்கா. மாசாமாசம். உனக்குத் தெரியுமில்ல."

"கோயிலு கொளம்னு சுத்துறவளாச்சே, சாமிக்குன்னு சாப்புடுறேன்னு இல்ல நெனச்சேன்," என்றாள் மாரியம்மாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. "சூளைக்கா சாப்புட்ட? சூளைக்கா சாப்புட்ட நீ?"

சொர்ணாம்பாள் சேலையை இழுத்துச் செருகினாள். திரும்பிப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சூளைக்குள் நுழைந்தாள். அன்று முழுக்க அவள்தான் எல்லாரையும்விட அதிகமாகத் தூக்கினாள். வேண்டுமென்றே தூக்கினாள். கூரையோரம் கடைசி வரிசைவரை அவள் கை பட்டது. கெடட்டும், எல்லாம் வெடித்துச் சிதறட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே தூக்கினாள். கெட்டால் தன் எட்டு வருஷத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கும்.

சூளை ஆறி, வாயிலைப் பிரித்த நாளில் நடராசன் முதல் ஆளாக வந்து நின்றார். பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கட்டைகள் வெள்ளைவெளேர் என்று பளபளத்தன. ஒன்றில்கூடக் கொப்புளம் இல்லை. நடராசன் ஒன்றை எடுத்து விரல் நகத்தால் சுண்டினார். வெண்கலம்போல் ஓசை வந்தது.

"இந்தத் தடவ எல்லாரும் சுத்தபத்தமா இருந்திருக்கீங்க," என்றார் அவர். "அதான் சரக்கு பேசுது."

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்கள். மாரியம்மாள் சொர்ணாம்பாளின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். சொர்ணாம்பாள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நான் அன்னிக்குத் தூரம்ங்க மொதலாளி. உள்ள அடுக்குனதுல அதிகம் நாந்தான்."

கொட்டகையில் சீவுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று. சொர்ணாம்பாள் காத்திருந்தாள். அவர் கத்துவார், கனகாவைப்போல வெளியே போகச் சொல்வார், கட்டையைத் தூக்கி எறிவார் என்று நினைத்தாள். அதற்குத் தயாராகத்தான் நின்றாள். நடராசன் அவளைப் பார்த்தார். கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். பெட்டிபெட்டியாக அடுக்கியிருந்த நல்ல சரக்கைப் பார்த்தார். கட்டையைக் கூடையில் போட்டார்.

"சரி சரி, வேலையப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அலுவலக அறைக்குப் போய்விட்டார்.

சரி சரி, இரண்டு வார்த்தை. இதற்குத்தான் அவள் எட்டு வருஷம் பயந்தாள். மாத்திரையில் வருஷங்களை விழுங்கி, வயிற்றைச் சாத்தி வைத்தது இந்த இரண்டு வார்த்தைக்குத்தான். அவர் கத்தியிருந்தால் சொர்ணாம்பாள் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. இன்னும் சூடு ஆறாத மண்பெட்டியின்மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். யாரும் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பார்கள்?

அதன்பிறகு அவளுக்கு மாதம் தவறாமல் வந்தது. ஒவ்வொரு மாதமும் வந்தது. நாற்பத்து மூன்று வயதில் நிற்கும்வரை ஒரே ஒரு மாதம்கூட, ஒரு பிள்ளைக்காகக்கூட, தள்ளிப்போகவில்லை.